புஷ்பராணிக்குக் கிடைத்த அம்னெஸ்டி

லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் மூன்று மாதத்துக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய ஆபீஸ் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அது. பெரிய எழுத்தில் 'மக் அம்னெஸ்டி' என்று போட்டிருந்தது.

மக் என்றால் வேறொன்றுமில்லை, நாம் தேத்தண்ணி குடிக்கிற கோப்பைதான். அந்த ஆபீஸில் எல்லாரும் கோப்பையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விடுகிறார்களாம். திருப்பிக் கொண்டுவந்து வைப்பதில்லையாம். கடைசியில் அலுமாரியில் கோப்பையே இல்லை. அதனால் ஓர் அறிவிப்பு – வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், யார் எடுத்தீர்கள், எத்தனை மாதமாக வைத்திருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்னெஸ்டி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? புத்தர் பிறந்த வெசாக் தினத்தில் பொதுமன்னிப்பில் கைதிகள் விடுதலை என்று பத்திரிகையில் வருமே, அதுதான். சிறைச்சாலைக் கதவைத் திறக்கிற சொல். அதைக் கொண்டுபோய்க் கழுவாத கோப்பைக்கு மாட்டிவிட்டார்களே...

விசாரித்துப் பார்த்தால் இங்கிலீஷ்காரர்கள் இந்தச் சொல்லைப் படாத பாடு படுத்துகிறார்கள். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அம்னெஸ்டி. கத்தி வைத்திருக்கும் பொடியன்கள் பொலிஸ் நிலையத்து வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடலாம் – அது கத்தி அம்னெஸ்டி. சில விமான நிலையங்களில் அம்னெஸ்டி தொட்டி என்றே ஒன்று இருக்கிறதாம். கொண்டுவரக் கூடாத மாம்பழத்தையோ கருவாட்டையோ அதில் போட்டுவிட்டால் அதிகாரி பார்த்தும் பாராதது போல இருப்பார். வீட்டில் பிள்ளைகள் கேக்கைத் திருடித் தின்றுவிட்டாலும், இப்போதே ஒத்துக்கொண்டால் அம்னெஸ்டி என்று அம்மா அறிவிப்பாள்.

எப்படி இருக்கிறது? நல்ல வசதியான சொல் இல்லையா? வகுப்புக்கு ஒரு பாடம் கிடைத்தது என்று படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வகுப்பு என்றால் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. ஹட்டனில் பஸ் ஏறித் தலவாக்கலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து மேலே ஒரு தோட்டத்துக்குப் போவேன். அங்கே பிள்ளை மடுவத்தில் – அதாவது கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில் – பதினான்கு பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். பெரியவர்கள் உட்கார அங்கே கதிரை கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சைத் தொட, பதினான்கு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். என்னை மட்டும் நிற்க விட்டுவிடுவார்கள். மரியாதையாம்!

அன்றைக்குப் படத்தை எல்லாருக்கும் காட்டினேன். பலகையில் சொல்லை எழுதி, கோப்பைக் கதையையும் கேக் கதையையும் சொன்னேன். ஒரே சிரிப்பு. முன்வரிசை லெச்சுமி, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இப்படி ஒரு நோட்டீஸ் போட்டால் தன் வீட்டுச் சல்லடை மூன்று வருடம் கழித்துத் திரும்பி வரும் என்றாள். இன்னொருத்தி, ஏணி என்றாள். பின்னால் இருந்தவள் புருசனைத் திருப்பித் தருவார்களா என்று கேட்க, குட்டிக் கதிரை ஒன்று சாய்ந்தே விட்டது.

சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். புஷ்பராணி.

நாற்பத்திரண்டு வயது இருக்கும். நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் வேலை. வெள்ளைக்காரர்கள் வந்து ஏதாவது கேட்டால் விளங்க வேண்டும் என்பதற்காக என் வகுப்புக்கு வருகிறவர். ஒரு நாளும் தவற மாட்டார். ஒரு நாளும் தானாகப் பேச மாட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்.

"அந்தச் சொல்லு எனக்குத் தெரியும் டீச்சர். நான் ஊருக்கு வந்ததே அதுலதாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் மெதுவாகச் சொன்னார்.

மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டு வருட ஒப்பந்தம். போய் இறங்கிய அன்றைக்கே பாஸ்போட்டை வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் பேசலாம் என்று சொன்ன போனை ஆறாவது மாதம் நிறுத்தினார்கள். பிறகு அடி. ஒன்றரை வருடம் பொறுத்தார். ஒரு பகலில் குப்பை போடக் கதவைத் திறந்தவர், குப்பைப் பையை அங்கேயே வைத்துவிட்டு, போட்டிருந்த உடுப்போடு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நாட்டுச் சட்டப்படி அந்த நிமிடத்திலிருந்து அவர் குற்றவாளி! பாஸ்போட் இல்லை, விசா இல்லை, வேலை பார்க்கும் வீட்டை விட்டு ஓடியவர். விமான நிலையத்துக்குப் போனால் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிப்பார்கள். ஏழரை வருடம். ஒரே அறையில் வேறு மூன்று பெண்களோடு, ஜன்னலுக்குத் துணி கட்டிக்கொண்டு, கிடைத்த வீடுகளில் கூட்டித் துடைத்து இருந்திருக்கிறார்.

ஒரு நாள் அறையில் இருந்த குருநாகல் பெண் ஓடிவந்து சொன்னாளாம், அம்னெஸ்டி கொடுத்துவிட்டார்கள் என்று. விசா இல்லாமல் தங்கியிருப்பவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் வந்து பதிந்தால், சிறை இல்லை, தண்டனை இல்லை, ஊருக்குப் போகலாம். அதிகாலையில் போய்த் தூதரக வரிசையில் நின்று, கைரேகை வைத்து, பதினேழாவது நாள் புஷ்பராணி விமானம் ஏறினார்.

 அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னைய மன்னிச்சுட்டோம்னு பேப்பர் குடுத்தாங்க டீச்சர். எதுக்கு மன்னிச்சாங்கன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல."

 பலகைப் பக்கம் திரும்பி, கோப்பை என்று எழுதியிருந்ததை அழித்தேன்.  அன்றைக்கு வகுப்பை அரை மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய அகராதியை எடுத்தேன். இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சொல்லின் வேர் என்ன என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா? இல்லை. அம்னெஸ்டி கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அதற்கும் மன்னிப்புக்கும் சம்பந்தமே இல்லை. மூலப் பொருள், மறதி. ஞாபகம் தப்பிப் போகிற நோயை அம்னீசியா என்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். நீ செய்தது சரி என்றும் அது சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. நடந்ததை மறந்துவிடுவோம் என்று மட்டும் சொல்கிறது. நாம்தான் தமிழுக்குக் கொண்டுவரும்போது அதில் மன்னிப்பைப் போட்டு, வாங்குகிறவர் தலையில் ஒரு குற்றத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் புஷ்பராணியோடு சந்தி வரை நடந்தேன். தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதை. மழை வரும் போல இருந்தது. அகராதியில் பார்த்ததைச் சொன்னேன். மன்னிப்பு என்று தமிழில் போட்டது எங்கள் பிழை, உங்கள் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று, ஏதோ நானே தீர்ப்பு எழுதுகிற மாதிரி சொன்னேன்.

அவர் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"அரசாங்கத்துக்கு மறக்கிறது லேசுங்க டீச்சர். அவங்களுக்கு என்னைய முதல்லயே தெரியாதே. எம்மவளுக்குத்தான் மறக்க முடியல."

அப்போதுதான் வீட்டுக் கதை வந்தது.

மகள் பெயர் நிரோஷா. வயது பதினேழு, ஹட்டனில் உயர்தரம் படிக்கிறாள். புஷ்பராணி போனபோது பிள்ளையைத் தன் தங்கை விஜயாவிடம் விட்டுப் போனார். புருசன் அடுத்த வருடமே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். ஆக, பிள்ளையைக் குளிப்பாட்டியது, பாடசாலையில் சேர்த்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் விஜயாதான். நிரோஷா விஜயாவைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். பெற்றவளைக் கூப்பிட அவளிடம் சொல் இல்லை. 'சோறு வச்சிருக்காங்க', 'அவங்க வந்துட்டாங்க' – இப்படித்தான். மூன்று வருடமாக மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. எதிர்த்துப் பேசியது கிடையாது. தீபாவளிக்குக் காலில் விழுந்து கும்பிடுவாளாம்.

பிள்ளை பெரியவளான சடங்குக்குப் புஷ்பராணி வர முடியவில்லை. ஜன்னலுக்குத் துணி கட்டிய அந்த அறையின் குளியலறைக்குள் நின்று, போனில் பார்த்திருக்கிறார். மாலையும் சேலையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் போனைக் கொடுத்தார்கள். அவள் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கு அடுத்த வருடம்தான் அம்னெஸ்டி.

"அவ என்னைய அடிச்சிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும் டீச்சர்" என்றார் புஷ்பராணி.

கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேனா? இருக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு இங்கிலீஷ் பாடம் கொஞ்சம் கடினம் என்று அவர் சொல்ல, சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள் என்றேன். இங்கிலீஷ் ஒரு சாட்டு. இரண்டு வார்த்தை புத்தி சொல்லிப் பிள்ளையைத் தாயிடம் சேர்த்துவைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நிரோஷா வந்தாள். ஒல்லியான பிள்ளை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை நான் வேலையைத் தொடங்கினேன். அம்மா அங்கே பட்ட கஷ்டம் உனக்குத் தெரியுமா மகள், பழசை எல்லாம் மனதில் வைத்திருக்கக் கூடாது, மறந்துவிட வேண்டும்... ஆசிரியர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு மூச்சு விடாமல் வரும். கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு அவங்க மேல கோவம் இல்லீங்க டீச்சர். எல்லாரும் மறந்துரு மறந்துருன்னு சொல்றாங்க. மறக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே. நான் ஸ்டேசன்ல அவங்க காலப் புடிச்சிக்கிட்டு அழுதேன்னு சொல்றாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு அவங்க போன்ல வர்ற மூஞ்சிதான். அவங்க வந்தப்ப வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னுதான் இருந்துச்சு. இன்னமும் அப்பிடித்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

அங்கே எப்படி இருந்தீர்கள் என்று தாயிடம் கேட்டதே இல்லையா என்றேன். இரண்டு தடவை கேட்டாளாம். அதெல்லாம் முடிந்து போச்சு மகள், அதைப் பேசி என்ன வரப்போகுது என்று அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாராம். மூன்றாம் தடவை இவள் கேட்கவில்லை.

பாருங்கள் – தாய், பிள்ளை மறந்தால் போதும் என்று மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். பிள்ளைக்கோ நினைக்க ஒன்றும் இல்லை என்பதுதான் சங்கடம். நான் நடுவில் போய் மறதிக்கு மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

மறுநாள் புஷ்பராணியிடம் சொன்னேன். பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லுங்கள், ஒளிக்காதீர்கள் என்றேன். அவர் ஒரே முடிவாக மறுத்துவிட்டார். அந்த அசிங்கத்தை எல்லாம் படிக்கிற பிள்ளை காதில் போடுவதா, பரீட்சை வருகிற நேரத்தில் அது எதற்கு என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. முதல் தடவையே போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.

மலையில் இருப்பவர்களுக்கு நான் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் அந்தத் தோட்டத்து மேல் லயத்துக்குப் பின்னால் மண் பிளந்திருப்பதைக் கண்டார்கள். மத்தியானத்துக்குள் எல்லாரும் இறங்க வேண்டும் என்று கிராம சேவகர் வந்து நின்றார். மேல் லயத்து ஆட்களுக்குக் கீழே இருக்கும் பாடசாலை. பணிய லயத்து, அதாவது கீழ் வரிசை, ஆட்களுக்கு வேறு பக்கத்தில் கோயில் மண்டபம். லிஸ்ட் தயாராக இருந்தது.

விஜயாவின் வீடு மேல் லயத்தில். அவருக்கு இரண்டு பையன்களும் நிரோஷாவும் இருப்பதால் அங்கே இடம் போதாது. அதனால் புஷ்பராணி ஊருக்கு வந்ததிலிருந்து பணிய லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருக்கிறார். சாப்பாடு மட்டும் ஒன்றாக. ஆகவே, லிஸ்ட்டின்படி மகள் பாடசாலைக்கு, தாய் மண்டபத்துக்கு.

இதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது நிரோஷா. பாதை திறந்த முதல் சனிக்கிழமை, கொப்பியைக்கூடத் திறக்காமல் சொன்னாள்.

லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். புஷ்பராணி கையில் ஒரு மூட்டையோடு வந்து, இந்த லொறியில் நானும் ஏறுகிறேன் என்றிருக்கிறார். உதவிக்கு நின்ற தோட்டத்து ஆள், உங்கள் பெயர் இதில் இல்லை, அந்தப் பக்கம் போங்கள் என்றார். புஷ்பராணி போகிறவர்தான். யார் என்ன சொன்னாலும் சரி என்று போகிறவர் என்றுதான் நிரோஷாவும் நினைத்திருந்தாள். அன்றைக்குப் போகவில்லை. மூட்டையைச் சேற்றிலேயே வைத்துவிட்டு, கிராம சேவகரிடம் நேரே போய்ச் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார்.

நம் ஆட்கள் பலர் அதிகாரிகளோடு பேசுகிற அரைகுறைச் சிங்களம் அல்ல. தடங்கல் இல்லாத சிங்களம். சத்தம் போடவில்லை, அழவில்லை. 'மகே துவ' என்று நிரோஷாவைக் கையால் காட்டினாராம். என் மகள். ஒன்பது வருடம் இவளை விட்டு இருந்தேன். அங்கே இருந்த அத்தனை நாளும் என் பெயர் எந்த லிஸ்ட்டிலும் இல்லை. இப்போது என் மகள் இருக்கிற லிஸ்ட்டிலும் இல்லை என்கிறீர்கள். வேண்டுமானால் நான் இங்கேயே மழையில் நிற்கிறேன். மண்டபத்துக்குப் போக மாட்டேன்.

கிராம சேவகர் விடியற்காலையிலிருந்து நனைந்துகொண்டிருக்கும் மனிதர்.  குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஈரமான தாளில் ஒரு பெயரை வெட்டி, இன்னொரு தாளில் எழுதினார்.

"நகின்ன அக்கே" என்றார். ஏறுங்க அக்கா.

லொறிக்குள்ளிருந்து கையை நீட்டி மூட்டையை வாங்கியது நிரோஷாதான்.

பாடசாலையில் எட்டு நாள். ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம். மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தரையில் பாய். புஷ்பராணி, விஜயா, விஜயாவின் பையன்கள், நிரோஷா எல்லாரும் ஒரு மூலையில். காயாத துணி மணமும் மண்ணெண்ணெய் மணமும்... இரண்டாம் நாள் மத்தியானம் பொதுச் சமையலுக்கு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். நிரோஷாவுக்கு இரண்டு நாளாக ஒரே கேள்வி.

"சிங்களம் எங்க படிச்சீங்க?"

தாயைப் பார்த்து அவள் நேராகக் கேட்ட, சோறு தண்ணி சம்பந்தப்படாத கேள்வி, நெடுநாளைக்குப் பிறகு அதுதான். புஷ்பராணி கத்தியை நிறுத்தவில்லை. குமாரி சொல்லிக்கொடுத்தாள் என்றார். யார் குமாரி? அறையில் இருந்த குருநாகல் அக்கா. எந்த அறை?

அங்கேயும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஐந்து குடும்பம் இருக்கிற வகுப்பறையில் எழுந்து எங்கே போவது? மடியில் கிழங்கு வேறு. புஷ்பராணி சொல்ல ஆரம்பித்தார்.

அறையில் இருந்த நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லாமல் முதல் மாதம் கைச்சாடையில் பேசியது. குமாரி பருப்பைக் காட்டி, உப்பைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சிங்களம் படிப்பித்தது. பதிலுக்கு இவர் தமிழ் படிப்பித்தது. குமாரி முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் 'பசிக்குது'. பொலிஸ் வண்டிச் சத்தம் கேட்டால் நாலு பேரும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது. பல்வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் பதினொரு நாள் கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தது. அந்த முதல் வீட்டையும் சொன்னார். அடியையும் சொன்னார். கையைத் திருப்பி முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பைக் காட்டினார். தேயிலைச் செடி கிழித்தது என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்த தழும்பு அது.

விஜயாவும் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கும் இதில் பாதி புதிது. அக்கா வந்து பிள்ளையைக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் அந்த மனுஷிக்கு மூன்று வருடமாக உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அதனால் அவரும் எதையும் தோண்டிக் கேட்டதில்லை. பாதியில் எழுந்து, இன்னும் கிழங்கு இருக்கிறதா பார்க்கிறேன் என்று வெளியே போனார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, கையில் கிழங்கு இல்லை.

சடங்கு நாளும் வந்தது. குளியலறைக்குள் நின்றதை, சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டதை, புஷ்பராணி சொன்னார். நிரோஷா உரித்துக்கொண்டிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"அது எனக்கு ஞாபகம் இருக்கு. நான் பேசாம போனக் குடுத்துட்டேன். பின்னால டைல்ஸ் தெரிஞ்சிச்சு. பாத்ரூம்ல நின்னுக்கிட்டு பேசுறாங்களேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஏன்னு எனக்குத் தெரியாதே."

புஷ்பராணி அப்போது என்ன செய்தார் என்று கேட்டேன்.  பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். இருவர் கையிலும் கிழங்குச் சேறு.

"கைய எடுக்கணும்னு எனக்குத் தோணல டீச்சர்" என்றாள் நிரோஷா.

மலை சரிந்து இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் எல்லாரையும் வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். பிளந்த இடத்தில் இன்னும் அடையாளக் கம்பு நட்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. லயம் அதே லயம்தான். விஜயாதான் இன்றைக்கும் அம்மா. அதை யாரும் மாற்றச் சொல்லவும் இல்லை. ஆனால் பாடசாலையிலேயே, ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நிரோஷா 'புஷ்பாம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டத்தில் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டிய தேவை வந்தபோது, வாயில் அதுதான் வந்ததாம். இப்போது பின்னேரத்தில் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பணிய லயத்துக்குப் போகிறாள். அங்கே சத்தம் குறைவு, படிக்கலாம் என்று காரணம் சொல்கிறாள். பரீட்சைக்கு எவ்வளவு படிக்கிறாள் என்று கேட்டால் மட்டும் பதில் கொஞ்சம் இழுபடுகிறது.

போன ஞாயிறு மழைக்குப் பிறகு முதல் வகுப்பு. எல்லாரும் போன பின் புஷ்பராணி கதிரைகளை அடுக்க உதவினார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"டீச்சர், அவ மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லல. மறந்துட்டேன்னும் சொல்லல. ஆனா நேத்து வந்து உக்காந்துக்கிட்டு, அந்தக் குமாரிக்கு அப்புறம் என்னாச்சுன்னு கேக்குறா. சோறு ஆறிப்போற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தோம். இதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க?"

முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். பஸ் ஹட்டன் வந்து சேரும் வரைக்கும் யோசித்தேன்...

எனக்குத் தமிழிலேயே கிடைக்கவில்லை.